கறுப்பு மையில் ஒரு வெள்ளிக்கிழமை

எங்கள் அறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டி ஒரு டயர் கடை கொடுத்தது. இந்த நாட்டு விடுமுறைகள் எல்லாம் அதில் சிவப்பில் இருக்கும். இந்த நாட்டின் சுதந்திர தினத்துக்கு மட்டும் இரண்டு சிவப்புக் கட்டங்கள். அந்த நாளை எங்களால் மறக்க முடியாது. ஹோட்டல்கள் நிரம்பும், படுக்கை விரிப்புகள் இரண்டு மடங்கு வந்து விழும், எங்கள் சலவைக்கூடத்தில் ஒருவருக்கும் லீவு கிடையாது. ஒரு வாரம் முன்பே அக்கா தோள்வலித் தைலம் வாங்கி வைத்துவிடுவாள்.

எங்கள் சொந்த நாட்டின் சுதந்திர தினம் அதே நாட்காட்டியில் கறுப்பு மையில் இருந்தது, மற்ற வெள்ளிக்கிழமைகளைப் போல. அதைப் பார்த்துத்தான் நான் திட்டம் போட்டேன்.

நடந்தது இவ்வளவுதான் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். மாலை வகுப்பில் எங்களுக்கு அலுவலகக் குறிப்பு எழுதச் சொல்லித்தரும் டீச்சர், நேரமும் ஆளும் மாறாமல் எழுதினால் தப்பு எங்கே நடந்தது என்று தானாகத் தெரிந்துவிடும் என்பார். தெரிந்த பிறகு என்ன செய்வது என்பது எங்கள் பாடத்தில் இல்லை.

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணி. நானும் அக்காவும் மடிக்கும் மேசையில் இருந்தோம். கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் போனும் மேற்பார்வையாளரின் இழுப்பறையில்தான் இருக்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கஞ்சி. கழுத்து அப்படி விறைப்பாக நிற்கும். அன்று கஞ்சியே என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். நாலு வருடத்தில் அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. மடித்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வாங்கினேன்.

அம்மா பேசினாள். "அப்பாவுக்கு ரெண்டாவது தடவை அட்டாக் வந்துருச்சுடி. ஐசியூல வச்சிருக்காங்க. டாக்டர் ரெண்டு நாளோ நாலு நாளோன்னு சொல்றார். பெரியவளைப் பாக்கணும்னு கேக்குறார். அவளை மட்டும் எப்படியாவது அனுப்பு."

பெரியவள் என்றால் என் அக்கா. ஆறு வருடமாக ஊருக்குப் போகாதவள். போன வருடம் ஒருத்திக்குத்தான் லீவு என்று கஞ்சி சொன்னபோது, "சின்னவ போகட்டும் சார், அவளுக்குத்தான் ராத்திரில அம்மா ஞாபகம் வருது" என்று என்னைத் தள்ளிவிட்டவள். நான் போய்ப் பத்து நாள் இருந்து, அப்பாவோடு தினமும் காலையில் செய்தித்தாளைப் பங்குபோட்டுப் படித்துவிட்டு வந்தேன். அப்பா ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது வாசலைப் பார்த்து, "பெரியவ வரலையா இந்தத் தடவை?" என்று கேட்பார், தெரியாதவர் போல.

இந்த முறை நான் போக முடியாது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க என் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தோம், வர மூன்று வாரம் ஆகும். அக்காவின் பாஸ்போர்ட் கையில் இருந்தது, ஆனால் காலாவதியாகி இரண்டு மாதம். ஆக, போகக்கூடியவள் அக்கா ஒருத்தி. அவளுக்கு நம் தூதரகத்திலிருந்து அவசரப் பயணப் பத்திரம் ஒன்று வேண்டும். வீட்டில் படிவம், கடிதம், கையெழுத்து என்று எது வந்தாலும் என் பொறுப்பு. என்னோடு அறையில் இருக்கும் தையல்காரி எனக்கு 'ரிஜிஸ்டர்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

மூன்று மணிக்குத் தூதரகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகவே சொன்னார். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. படிவம், போட்டோ இரண்டு, கம்பெனிக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு. எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். போட்டோவில் பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒருமுறை திருப்பியும் படித்துக் காட்டினேன். எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் கஞ்சி கடிதம் கொடுத்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் படிவத்தை முதலில் பென்சிலால் நிரப்பி, பிறகு பேனாவால் மேலே எழுதினேன். அக்காவின் போட்டோவைத் தையல்காரி எடுத்தாள். இரண்டு கட்டிலுக்கு நடுவே சலவைக்கூடத்துப் படுக்கை விரிப்பு ஒன்றைத் திரை போலக் கட்டி, அதன் முன் அக்காவை உட்கார வைத்தோம்.

"சிரிக்காதே," என்றாள் தையல்காரி.

"எனக்கு எங்கேருந்துடி சிரிப்பு வருது," என்றாள் அக்கா.

மூலைக்கடையில் அச்செடுத்தபோது பின்னணி சாம்பல் நிறமாக வந்தது. ஆயிரம் தடவை வெளுத்த விரிப்புத்தான். கண்ணுக்கு வெள்ளை, போட்டோவில் சாம்பல்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதிக் கிழித்திருக்கிறேன்.

அக்கா தலைவாரிப் புடவை கட்டி, காகிதங்கள் இருந்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். "கிளம்பு. ஒன்பது மணிக்கு அங்க இருக்கலாம்."

"போட்டோ சரியில்லக்கா. பத்து மணிக்கு ஸ்டூடியோ திறப்பான். நல்லா எடுத்துக்கிட்டு..."

"பத்து மணிக்கு ஸ்டூடியோ, அப்புறம் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸு. பன்னண்டுக்கு மூடிருவாங்கன்னு நீதானே சொன்னே?"

"அதான் நாளைக்குப் போகலாம்ங்கிறேன். எல்லாம் முழுசா இருக்கும். ஒரே தடவைல முடிஞ்சிரும். இன்னைக்கே விமானத்துல இடமும் இல்லக்கா, நாளைக்குச் சாயங்காலம்தான் இருக்கு. பத்திரத்தை நாளைக்குக் காலைல வாங்கினாலும் சரியா இருக்கும்."

"இன்னைக்கு வாங்கி வச்சா என்ன, நாளைக்கு வாங்கினா என்ன. வாங்கி வச்சுக்கலாமே. போட்டோ வேணாம்னு சொன்னா திரும்பி வருவோம்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தையல்காரி திரும்பாமலே சொன்னாள். "அக்கா சொல்றதைக் கேளு. ரிஜிஸ்டரைக் கொஞ்சம் மூடி வை."

எனக்கு என்ன ஞாபகம் என்றால், போன வருடம் என் சொந்த வேலைக்காக அதே தூதரகத்துக்குப் போய், கையெழுத்துக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். மூன்றாம் ஜன்னலில் இருந்தவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. காகிதத்தை விரலால் தள்ளினார், அவ்வளவுதான். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அந்த விரலை அக்கா பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அல்லது எனக்கே மறுபடி அதைப் பார்க்கப் பயம். இரண்டில் எது உண்மை என்று இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"நாளைக்குப் போகலாம்க்கா. நான் சொன்னா சரியா இருக்கும்."

 அக்கா புடவை முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "சரி. உனக்குத்தான் தெரியும்."

ஸ்டூடியோ போட்டோ அருமையாக வந்தது. பின்னணி பால் வெள்ளை. இரண்டு காதும் தெரிந்தன. நான் அதை உறையில் போட்டு, உறையின் மேல் 'போட்டோ 2' என்று எழுதினேன். சாம்பல் போட்டோவைக் கிழித்துப் போடச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மா மறுபடி பேசினாள்.  "வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வைக்கச் சொல்றார்டி. நாலு தடவை சொல்லிட்டார். காலைல வேணுமாம்.  போறதுக்குத் தயாராயிட்டாரோ என்னவோ."

"மருந்து மயக்கம்மா. அப்படித்தான் ஏதாவது பேசுவாங்க," என்றேன். நோட்டில், 'மாலை 6.40. அப்பா சட்டை கேட்கிறார். உளறல்' என்று எழுதினேன். இப்போது அந்த வரியைப் பார்க்கவே முடியவில்லை. அடித்துவிடவும் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்குத் தூதரகத்தை அடைந்தோம். அக்காவின் பெட்டியைக் கையோடு கொண்டு வந்திருந்தோம், நேராக விமான நிலையம் போவதாக ஏற்பாடு. வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை நின்றது. பன்னிரண்டுக்குள் முடியுமா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் நாங்கள் நின்ற பிறகு வரிசை மளமளவென்று நகர்ந்தது.

"பரவாயில்லையே, இன்னைக்கு வேகமா விடுறாங்க," என்றேன்.

அக்கா முன்னும் பின்னும் பார்த்தாள். "என்னடி எல்லாரும் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்காங்க. பாஸ்போர்ட் வாங்க இவ்வளவு பவுடரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளில் முதல் தடவையாக அக்காவும் சிரித்தாள். அதை எழுதித்தான் ஆக வேண்டும், நாங்கள் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

காவலாளி அக்காவின் பாஸ்போர்ட் அட்டையை மட்டும் பார்த்தார். உள்ளே திருப்பவில்லை. தேதி முடிந்ததைக் கவனித்திருந்தால் நிறுத்தியிருப்பார், நாங்களும் அங்கேயே புரிந்துகொண்டிருப்போம். என் பணியாளர் அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டியை மட்டும் தன் கூண்டுக்குள் வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்து, தட்டு வைத்திருந்த ஒரு அம்மாள் அக்காவின் தோளில் ஏதோ குத்தினாள். என் கையில் ஒன்று கொடுத்தாள். காகிதக் கொடி.

ஜன்னல்கள் இருக்கும் கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. வரிசை அதைத் தாண்டி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, பின்புறப் புல்தரைக்குப் போனது. அங்கே கம்பம். கம்பத்தில் கொடி சுருட்டிக் கட்டியிருந்தது. நாற்காலிகள், ஒலிபெருக்கி, சின்ன மேடை.

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் இடித்துவிட்டு, "வாழ்த்துகள்மா," என்று சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் அப்பா அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தவர். வருடத்துக்கு ஒரு நாள், இதே நாளில், விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொடி கட்டப் போவார். பெரிய அதிகாரி கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரிய வேண்டும். விரியாமல் சிக்கினால் அத்தனை பேர் முன்னால் அதிகாரிக்கு அவமானம், அப்பாவுக்கு மெமோ. முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வீட்டு ஜன்னல் கம்பியில் என் தாவணியைக் கட்டிப் பழகிப் பார்ப்பார். இழுத்து விடும் வேலை அக்காவுக்கு. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். இந்த நாளை மறந்திருந்தேன்.

"அப்பா சட்டை கேட்டாரே," என்றாள் அக்கா. கம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குத்தான்டி."

கையில் இருந்த காகிதக் கொடியை நோட்டுக்குள் வைத்தேன். 

பிறகு மூன்றாம் ஜன்னல்காரரைப் பார்த்தேன். முதல் வரிசைக்கு ஓரமாக, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் பக்கத்தில் நரைத்த மீசையோடு உயரமாக ஒருவர். மூன்றாம் ஜன்னல்காரரை எனக்குத் தெரியும் என்பதே பெரிய பலமாக இருந்தது. அக்காவை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அதையே சொன்னேன்.

"சார், வணக்கம். என் அக்காவோட பாஸ்போர்ட் ரெண்டு மாசம் முன்னால காலாவதியாயிடுச்சு. என்னோடது அனுமதி அலுவலகத்துல இருக்கு. அவசரப் பயணப் பத்திரத்துக்காகப் படிவம், கம்பெனிக் கடிதம் எல்லாம்..."

"இன்னைக்கு லீவும்மா," என்றார் அவர், சிரித்த முகமாக. "திங்கக்கிழமை வாங்க. உக்காருங்க, கொடி ஏத்தப் போறோம்."

"தெரியாம வந்துட்டோம் சார். எங்க அப்பா..."

ஒலிபெருக்கி ஒரு தடவை கரகரத்தது. மேடையில் இருந்தவர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் கொடி விரிந்தது. கீதம் தொடங்கியது.

மூன்றாம் ஜன்னல்காரர் விறைத்து நின்றார். நரைத்த மீசைக்காரர் நின்றார். நானும் நின்றேன். கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன, குதிகால் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ பிரம்போடு பின்னால் நிற்பது போல. 'எங்க அப்பா' என்று சொல்லி நிறுத்திய வாயை அப்படியே மூடிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் இருக்குமா. மேலே போனால் இன்னும் கொஞ்சம். என் கண் நேராகப் பார்த்தது. இடது ஓரத்தில் அந்த நரைத்த மீசை. ஒரு முழம்கூடத் தூரமில்லை. யாரோ எனக்குப் பின்னால் கணீரென்று பாடினார்கள். அது அக்காவின் குரல். திரும்பிப் பார்க்கக்கூட நான் அசையவில்லை. அவள் அப்படிப் பாடி நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

முடிந்ததும் கைதட்டல். கூட்டம் கலைந்து முன்னால் நெருக்கியது. யார் யாரோ அதிகாரிகளிடம் கைகொடுத்தார்கள். நான் இரண்டு முறை வாய் திறந்தேன், இரண்டு முறையும் வேறு யாரோ வாழ்த்துச் சொன்னார்கள். நரைத்த மீசைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேகமாக நடந்து போனார். பக்கவாட்டு வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மூன்றாம் ஜன்னல்காரர்தான் என்னைத் தேடித் திரும்பினார். "என்னமோ சொல்லிட்டிருந்தீங்களேம்மா."

"அப்பா ஐசியூல இருக்கார் சார். அக்காவைப் பாக்கணும்னு கேக்குறார். சாயங்காலம் ஆறு மணி விமானத்துல இடம் போட்டிருக்கு."

அவர் முகம் மாறியது. அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். மோசமான மனிதர் என்று எழுதினால் எனக்குச் சுலபம். அவர் அப்படி இல்லை.

"அடடா. இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? கையெழுத்துப் போட வேண்டியவர் இங்கதானே நின்னார். என் பக்கத்துல. முத்திரைப் பெட்டிச் சாவியும் அவர்கிட்டதான். இப்பத்தான் கிளம்பினார், இன்னும் ரெண்டு இடத்துல கொடி ஏத்தணும் அவருக்கு."

உடனே போன் செய்தார். அணைத்து வைத்திருந்தது. மறுபடி செய்தார். மூன்று முறை. அக்காவும் வந்து சேர்ந்துகொள்ள, மூவரும் ஜன்னல் கூடத்துக் கதவு வரை நடந்தோம். பிறகு, "அவசர நம்பர் ஒண்ணு இருக்கு, வாசல் பலகைல. அதுல ஒரு தகவல் வச்சுட்டா டூட்டில இருக்கறவர் அவரைப் பிடிக்கப் பாப்பார்," என்றார்.

வரும்போதே பலகையைப் பார்த்து நான் நோட்டில் குறித்திருந்த அந்த எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கத் தொடங்கியது. என் காதில் அடித்த மணி கட்டடத்துக்குள்ளிருந்தும் கேட்டது. சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால், அந்த ஜன்னல் கூடத்தில், மேசை மேல் ஏதோ ஒரு போன். நாங்கள் மூன்று பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்காதான் முதலில் பேசினாள். "யாராவது எடுங்கப்பா," என்றாள் மெதுவாக, கதவைப் பார்த்து.

மூன்றாம் ஜன்னல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "டூட்டி ஆள் அங்கே இனிப்பு குடுத்துட்டிருக்கார்."

நான் போனை அணைத்தேன். உள்ளேயும் மணி நின்றது.

டூட்டி ஆளும் வந்தார். அவருக்கும் சாவி கிடையாது. அவரும் முயன்றார். மூன்று மணி வரை நாங்கள் வாசலுக்கு எதிரே பெட்டியை வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தன் சின்னத் தோள்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நரைத்த மீசைக்காரர் திரும்பவில்லை. மூன்றே காலுக்கு மூன்றாம் ஜன்னல்காரர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். "திங்கக்கிழமை முதல் ஆளா வாங்கம்மா. வரிசை வேணாம். நானே முடிச்சுத் தரேன்."

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தோளில் கொடி அப்படியே குத்தியிருந்தது. பெட்டி எங்கள் காலுக்கு நடுவே இருந்தது.

"முடிச்சு நல்லாப் போட்டிருந்தாங்க," என்றாள். "ஒரே இழுப்பு."

"அக்கா, நான் நேத்து..."

"ஐசியூல படுத்துக்கிட்டு அவருக்கு ஞாபகம் இருக்கு பாரேன். இன்னைக்கு என்ன நாள்னு. நாமதான் மறந்துட்டோம்."

நாமதான் என்றாள். அவள் எந்தத் திட்டமும் போடவில்லை. எனக்கு அவள் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் போதும் என்று இருந்தது.

சனிக்கிழமை லீவு இல்லாததால் வேலைக்குப் போனோம். பெரிய விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிக்க முடியும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்வாங்கி மறுபடி வர வேண்டும். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கஞ்சி வந்தார், கையில் போனோடு. இந்தத் தடவை என்னிடம் நீட்டவில்லை. மேசையின்மேல் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார்.

பன்னிரண்டே காலுக்கு அப்பா போய்விட்டார்.

அம்மா அழுததற்கு நடுவில் ஒன்று சொன்னாள். வெள்ளிக்கிழமை காலையில் சட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாளாம். நர்ஸ் விடவில்லை. போர்வைக்கு மேலே விரித்து வைத்தாளாம். அப்பா அதில் கையை வைத்துக்கொண்டு, "பெரியவ வந்து இழுப்பா," என்றாராம். அம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. நான் அக்காவுக்கு அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா உட்காரவில்லை. கையில் இருந்த விரிப்பு பாதி மடிப்பில் இருந்தது. "பிடி," என்றாள். நான் என் முனைகளைப் பிடித்தேன். அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள், முனைகளைச் சேர்த்தாள், பின்வாங்கினாள். மறுபடி வந்தாள். கஞ்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விரிப்பை முடித்து அடுக்கில் வைத்த பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

அன்று நான் கணக்குப் போட்டேன். போடாமல் இருக்க முடியவில்லை. வெள்ளி மாலை ஆறு மணி விமானம் அங்கே சனி காலை ஆறரைக்கு இறங்கும். வெளியே வர ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம். ஒன்பதரைக்கு அக்கா அப்பாவின் கட்டிலருகே இருந்திருப்பாள். இரண்டே முக்கால் மணி நேரம் அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்திருக்கும். நான் கீதத்தின்போது வாயைத் திறந்திருந்தால். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, சரிக்கா வா, என்று சொல்லியிருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. போனில் கொஞ்சம் பார்த்தோம். படம் நின்று நின்று வந்தது. பிறகு அக்கா, போதும், என்று திருப்பி வைத்துவிட்டாள்.

திங்கள் காலை தூதரகம் போனோம். "இனிமே எதுக்குக்கா," என்று கேட்டதற்கு, "அம்மா தனியா இருக்கா," என்றாள்.  புல்தரையில் நாற்காலிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஜன்னல் கூடத்துக் கதவு திறந்திருந்தது. மூன்றாம் ஜன்னல்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எங்கள் முகத்தைப் பார்த்து, கேட்க வந்ததைக் கேட்காமல் உட்கார்ந்தார்.

படிவத்தில் 'பயணத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்ததை அடித்து, மேலே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். கையெழுத்துக் கட்டத்துக்குள்தான் இருந்தது. கடிதத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். நரைத்த மீசைக்காரர் உள்ளறையிலிருந்து வந்து, நின்றபடியே இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்க அன்னைக்கு எங்கேயோ பக்கத்துல நின்னீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"போட்டோ?" என்றார் மூன்றாம் ஜன்னல்காரர்.

நான் உறையை எடுப்பதற்குள் அக்கா தன் பையைத் திறந்தாள். நாற்பது தடவை திறந்து மூடிய அந்தச் சின்னப் பை. அதிலிருந்து இரண்டு போட்டோவை எடுத்து ஜன்னல் வழியே வைத்தாள். சாம்பல் பின்னணியில் அவள். நான் கிழித்துப் போடச் சொன்னவை. வெள்ளிக்கிழமையும் அந்தப் பை அவள் தோளில்தான் இருந்தது.

"இது ஆகுமா சார்? பின்னாடி கொஞ்சம் சாம்பலா இருக்கு."

அவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தாராளமா ஆகும்மா. அவசரப் பத்திரத்துக்கு முகம் தெரிஞ்சாப் போதும். இதுக்கெல்லாம் யாரையும் திருப்பி அனுப்ப மாட்டோம்."

நான் என் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'போட்டோ 2' என்று மேலே எழுதியிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் என்னைத் தண்டிக்க அதைச் செய்யவில்லை என்று நம்ப முயல்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது இதுவரை எதுவும் சரியாக இருந்ததில்லை.

"ஒட்டிக் குடுங்க," என்று அவர் பசைக் குப்பியை ஜன்னல் வழியாகத் தள்ளினார்.

அக்கா அதை என்னிடம் நகர்த்தினாள். வீட்டில் காகித வேலை எல்லாம் என் பொறுப்பு. சாம்பல் போட்டோவின் பின்புறம் நாலு மூலையிலும் பசை தடவினேன். கட்டத்தின் கோட்டோடு கோடு சேர்த்து வைத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். கொஞ்சம்கூடக் கோணவில்லை.